வீடு மாறினாலும் கூடவே வரும் இணையம்

நீங்கள் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாத்திர பண்டங்கள் இன்னும் மூட்டையாகவே கிடக்கின்றன. புதிய வீட்டுக்கு இணையக் கம்பி இழுக்க ஆள் வரச் சில நாட்களாகும். ஆனால், கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தை நாளைக்குள் அனுப்பியாக வேண்டும். என்ன செய்வீர்கள்? கைப்பேசியை எடுத்து, அதன் இணைப்பை மடிக் கணிப்பொறிக்குப் பகிர்ந்து கொடுப்பீர்கள். வேலை முடிந்துவிடும்.

கம்பி வழி இணையமே மூலம், கைப்பேசி இணையம் பிற்காலத்து ஒட்டு என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். வரலாற்றைப் புரட்டினால் செய்தி வேறாக இருக்கிறது. நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கும் தொடர்பு அறக்கூடாது என்ற தேவை, இணையம் பிறந்தபோதே அதனுடன் இருந்தது.

சாலையில் ஓடிய வண்டி

1969 அக்டோபர் 29 அன்று, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகக் கணிப்பொறி ஒன்று, ஸ்டான்போர்டு ஆய்வு நிலையக் கணிப்பொறியுடன் முதன்முதலாகத் தொடர்பு கொண்டது. அந்த வலையின் பெயர் ஆர்பாநெட். செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின்மீதும் முகவரி எழுதி அனுப்புவது அதன் முறை. கணிப்பொறிகள் அறையை அடைத்து நின்ற காலம் அது. அவற்றை இணைத்தவை தொலைபேசிக் கம்பிகள்.

இதற்குப் பணம் அளித்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. படை வண்டிகளும் கப்பல்களும் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. அவற்றின் பின்னே கம்பியை இழுத்துச் செல்ல முடியுமா? ஆகவே வண்டிகளுக்கு வானொலி அலை வழியாகவும், கடல் கடந்த இடங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகவும் பொட்டலங்களை அனுப்பும் வலைகள் அமைக்கப்பட்டன. ஆனால், மூன்று வலைகளும் மூன்று விதமாக இயங்கின. ஒன்றன் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. இவற்றை இணைக்கும் பொது விதிமுறையை ராபர்ட் கான், வின்டன் செர்ப் என்ற இருவரும் 1974-இல் வெளியிட்டனர்.

சோதனைக்காக ஸ்டான்போர்டு ஆய்வு நிலையத்தார் ஒரு மூடுவண்டியில் வானொலிக் கருவிகளைப் பொருத்தினர். 1976 ஆகஸ்ட் 27 அன்று, ஓர் உணவு விடுதியின் அருகே வண்டியை நிறுத்தி, முற்றத்து மேசைமீது முனையக் கருவியை வைத்து ஓர் அறிக்கையை அனுப்பினர். அது வானொலி வலையைக் கடந்து ஆர்பாநெட்டை அடைந்தது. 1977 நவம்பர் 22 அன்று அதே வண்டி நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டே செய்தி அனுப்பியது. அச்செய்தி மூன்று வலைகளையும் கடந்து, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் லண்டன் வரை போய், மீண்டும் கலிபோர்னியாவுக்கு வந்தது. போகவர ஏறத்தாழ 1,50,000 கிலோமீட்டர்! ஒரு துணுக்குச் செய்தியும் வழியில் தொலையவில்லை.

ஊரைக் கூறுபோட்ட கதை

வண்டி நிறையக் கருவி இருந்தால் சரி. சட்டைப் பைக்குள் அடங்குவது எப்படி? விடை வேறொரு பாதையில் வந்தது. அலைவரிசைகள் அளவானவை. ஒரே பெரிய கோபுரத்தைக் கொண்டு ஊர் முழுமைக்கும் சேவை அளித்தால், சிலர் மட்டுமே ஒரே நேரத்தில் பேச முடியும். ஊரைத் தேன்கூட்டின் அறைகளைப் போலப் பிரித்து, அறைக்கொரு சிறு கோபுரம் வைத்தால், சற்றுத் தள்ளியுள்ள அறையில் அதே அலைவரிசையை மீண்டும் பயன்படுத்தலாம். பெல் ஆய்வுக்கூடத்தின் டக்ளஸ் ரிங் 1947-லேயே இதை எழுதிவிட்டார். 1973 ஏப்ரல் 3 அன்று மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்று கையடக்கத் தொலைபேசியில் பேசிக் காட்டினார். அதன் எடை ஒரு கிலோகிராமுக்கும் மேல்! 1979-இல் டோக்கியோவில் கார்த் தொலைபேசிச் சேவை தொடங்கியது.

நீங்கள் ஊர் மாறியது வலைக்கு எப்படித் தெரிகிறது? வீடு மாறினால் அஞ்சலகத்தில் புது முகவரியைச் சொல்லி வைப்போமல்லவா? கைப்பேசி அதைத் தானே செய்துவிடுகிறது. வலையில் இரு பேரேடுகள் உண்டு: ஒன்று சொந்தக்காரர் பேரேடு, மற்றொன்று விருந்தினர் பேரேடு. புதிய ஊரில் கைப்பேசியை இயக்கியதும், அவ்வூர் விருந்தினர் பேரேட்டில் உங்கள் பெயர் பதிவாகிறது. உடனே சொந்தக்காரர் பேரேட்டுக்கும் தகவல் போகிறது. 1991-இல் பின்லாந்தில் தொடங்கிய ஜி.எஸ்.எம். முறை இந்த ஏற்பாட்டை உலகெங்கும் பரப்பியது.

பேச்சுக்கென்று அமைந்த இந்த வலையில் பொட்டலங்களும் பயணம் செய்ய 2000-இல் வழி பிறந்தது. ஜி.பி.ஆர்.எஸ். என்பது அதன் பெயர். சாலை வண்டியின் பாதையும் தேன்கூட்டின் பாதையும் அங்கே சந்தித்தன. 2010-இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள், தம் இணைப்பைப் பிற கருவிகளுக்கு அலைவழியே பகிரும் வசதியைப் பெற்றன.

ஒற்றை நூல்

இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. நெடுங்காலம், சென்னையிலிருந்து மும்பைக்குக் குடிபோனவர் ரோமிங் கட்டணம் செலுத்த வேண்டும். இல்லையேல் புது எண் வாங்க வேண்டும். 2015 ஜூலை 3 முதல் பழைய எண்ணையே நாட்டின் எந்தப் பகுதிக்கும் எடுத்துச் செல்ல முடிகிறது.

வசதி பெருகும்போது ஆபத்தும் உடன் வருகிறது. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அப்பகுதியினர் அனைவரும் பங்கிட்டுக்கொள்கிறோம். கூட்டம் மிகுந்தால் வேகம் குறையும். 2020 ஊரடங்கின்போது எண்ணற்ற குடும்பங்கள் நகரங்களை விட்டுச் சொந்த ஊர் திரும்பின. வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. அலை எட்டாத இடங்களில் பாடமும் எட்டவில்லை.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். நீங்கள் கைவிட்ட எண் சில காலம் கழித்து வேறொருவருக்கு வழங்கப்படும். வங்கியின் ஓ.டி.பி. எண்ணும் அவருக்கே போய்ச் சேரலாம். வலையின் பேரேடுகள் தாமே திருத்திக்கொள்கின்றன. வங்கியின் பேரேட்டை நாம்தான் திருத்த வேண்டும். எனவே, புது எண் வாங்கினால் முதலில் அங்கே தெரிவியுங்கள். மூட்டைகளை அதன் பிறகு அவிழ்க்கலாம்.