ஒதுக்கீடும் திருத்தமும்: சென்னை மாகாண உள்ளாட்சி நிதியில் வரிப்பணத்தின் வழி (1871–1920)

ஆய்வுச் சுருக்கம்

உள்ளாட்சி அமைப்பொன்று வரியை விதிக்கும் அதிகாரம் பெற்றிருப்பது வேறு. அவ்வரியை எதற்குச் செலவிடுவது என்று தானே தீர்மானிக்கும் அதிகாரம் பெற்றிருப்பது வேறு. சென்னை மாகாணத்தில் 1871 முதல் 1920 வரையிலான காலத்தில் இவ்விரு அதிகாரங்களும் ஒருசேர வளரவில்லை. சட்டம் வரியை விதிக்கும்போதே அதன் செலவினத்தையும் பெருமளவு முடிவு செய்தது. எஞ்சியதை மேலதிகாரிகளின் ஒப்புதல் கட்டுப்படுத்தியது. இந்நிலையைத் தலவரி, தஞ்சை ஜில்லா போர்டு இருப்புப்பாதை, 1918ஆம் ஆண்டு இந்திய அரசின் தீர்மானம், 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: உள்ளாட்சி நிதி, தலவரி, ஜில்லா போர்டு, வரவு செலவுத் திட்டம், மறு ஒதுக்கீடு, இருப்புப்பாதைத் தீர்வை

1. முன்னுரை

தமிழக உள்ளாட்சி வரலாற்றைப் பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் உத்திரமேரூரில் தொடங்குகின்றன. முதலாம் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையையும், ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலிய குழுக்களையும் விரிவாகத் தருவதால் இத்தொடக்கம் இயல்பானதே. ஆனால் அங்கிருந்து நேராக 73ஆம் அரசியலமைப்புத் திருத்தத்திற்கும் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்திற்கும் தாவிவிடும் போக்கு ஒரு பெரும் இடைவெளியை விட்டுச்செல்கிறது. இன்றைய ஊராட்சி, நகராட்சி ஆகியவற்றின் கணக்குத் தலைப்புகளும் ஒப்புதல் படிநிலைகளும் தணிக்கை முறையும் சோழர் காலச் சபைகளிலிருந்து வந்தவை அல்ல; அவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வடிவம் பெற்றவை.

இக்காலப்பகுதியின் சட்டங்களையும் நிறுவனங்களையும் கே. கே. பிள்ளை, சென்னை மாகாணத் தன்னாட்சி குறித்து 1953இல் வெளியிட்ட ஆங்கில நூலில் முறையாகத் தொகுத்துள்ளார். உறுப்பினர் நியமனம், தேர்தல், தலைவர் பதவி ஆகியவை குறித்தே பிற்கால ஆய்வுகளும் மிகுதியாகப் பேசியுள்ளன. எவர் அமர்ந்தார் என்ற வினாவுக்கு இணையாக, அமர்ந்தவர் எப்பணத்தை எதற்கு மாற்ற முடிந்தது என்ற வினாவும் எழுப்பப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. தலவரியின் தோற்றம்

1866ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டமான மாவட்டச் சாலைத் தீர்வைச் சட்டம், நிலத்தின் ஆண்டுக் குத்தகை மதிப்பில் ரூபாய்க்கு அரை அணா வரை தீர்வை விதிக்க இடமளித்தது. அதன் பெயரே அதன் செலவினத்தைக் கூறிவிடுகிறது: சாலைக்காக வசூலிக்கப்பட்ட பணம் சாலைக்கே உரியது. இங்கு ஒதுக்கீடு என்ற தனிச்செயலுக்கு வேலையே இல்லை.

நிலைமையை மாற்றியது மேயோ பிரபுவின் 1870 டிசம்பர் 14ஆம் நாள் நிதித் தீர்மானம். கல்வி, மருத்துவம், சாலைகள், காவல், சிறை முதலிய துறைகள் மாகாண அரசுகளிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆனால் அவற்றுக்கென வழங்கப்பட்ட நிலையான மானியம் முந்தைய செலவைவிடக் குறைவாக இருந்தது. குறைவதை மாகாணங்கள் உள்ளூர் வரிகளின் மூலம் ஈடுசெய்துகொள்ள வேண்டும் என்பது அத்தீர்மானத்தின் உட்கிடை. அதிகாரப் பரவலாக்கம் என்று வரலாற்று நூல்கள் குறிக்கும் இந்நடவடிக்கை, சுமைப் பரவலாக்கமாகவும் இருந்தது என்பதை மறத்தல் ஆகாது.

அடுத்த ஆண்டே சென்னை மாகாணம் 1871ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டமான உள்ளாட்சி நிதிச் சட்டத்தை இயற்றியது. மாகாணம் 36 உள்ளாட்சி நிதி வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வட்டத்திற்கும் ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட ஒரு நிதி வாரியம் அமைந்தது. தலவரியின் உச்சவரம்பு ரூபாய்க்கு ஓர் அணாவாக, அதாவது நூற்றுக்கு ஆறேகால் வீதமாக உயர்த்தப்பட்டது. சுங்கச்சாவடி வருவாயும் வீட்டுவரியும் துணை வருவாய்களாயின. செலவினத் தலைப்புகள் சாலையைக் கடந்து கல்வி, மருத்துவமனை, அம்மை குத்துதல், துப்புரவு என விரிந்தன.

தலைப்புகள் பலவாயின என்பதால் ஒதுக்கீட்டுச் சிக்கல் முதன்முதலாகத் தோன்றியது. ஒரே பணத்திற்குச் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் போட்டியிட்டன. சட்டம் இப்போட்டியை வாரியத்தின் முடிவுக்கு விட்டுவிடவில்லை. தலவரியின் பெரும்பகுதியைப் போக்குவரத்திற்கே உரித்தாக்கியது. நிலவுடைமையாளர் தரும் வரி, அவர்தம் விளைபொருள் சந்தைக்குச் செல்லும் பாதைக்குப் பயன்பட வேண்டும் என்பது அதற்குக் கூறத்தக்க நியாயம். கல்விக்கெனக் கருதப்பட்ட வீட்டுவரி கடும் எதிர்ப்பைச் சந்தித்துச் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. ஆகவே, உரிய வரியுடைய சாலை நிலைத்தது. உரிய வரியை இழந்த பள்ளி எஞ்சியதை எதிர்நோக்கி நின்றது. ஒதுக்கீட்டின் வரலாற்றில் இது முதற்பாடம்.

3. மூன்றடுக்கு அமைப்பும் பகிர்வும்

ரிப்பன் பிரபுவின் 1882 மே 18ஆம் நாள் தீர்மானத்தைத் தொடர்ந்து 1884ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டமான உள்ளாட்சி வாரியங்கள் சட்டம் இயற்றப்பட்டது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்ற மூன்றடுக்கு உருவானது. தலவரியை ஜில்லா போர்டும் தாலுகா போர்டுகளும் பகிர்ந்துகொண்டன. யூனியன் பஞ்சாயத்துகளுக்கு வீட்டுவரி முதன்மை வருவாயாயிற்று. தெருவிளக்கு, துப்புரவு, கிணறு, ஊர்ப்பாதை ஆகியவை அவற்றின் பொறுப்பாயின.

இப்பகிர்வில் ஒரு சமனின்மை உள்ளது. தலவரியைச் செலுத்துபவர் சிற்றூரின் உழவர்; அதைப் பெறுபவை மாவட்டத் தலைநகரிலும் தாலுகாத் தலைநகரிலும் கூடும் போர்டுகள். யூனியனாக அறிவிக்கப்படாத சிற்றூருக்குத் தனக்கென நிதியும் இல்லை, நிதியை வேண்டிப் பேசும் அமைப்பும் இல்லை. வரி ஊரிலிருந்து மேலே சென்றது. செலவு தலைப்பு வாரியாகக் கீழே வந்தது. இடையில் எவ்வூருக்கு எவ்வளவு என்ற கணக்கு எழுதப்பட வேண்டிய கட்டாயம் எழவில்லை. கணக்கேடு தலைப்புகளைக் கண்டது, ஊர்களைக் காணவில்லை.

4. தஞ்சை ஜில்லா போர்டு இருப்புப்பாதை

பெயர் குறித்த ஒதுக்கீட்டின் ஆற்றலையும் அதன் இடரையும் ஒருங்கே காட்டும் சான்று தஞ்சை மாவட்டத்தில் கிடைக்கிறது. இருப்புப்பாதை அமைப்பதற்கெனக் குத்தகை மதிப்பில் ரூபாய்க்கு மூன்று தம்பிடி தனித்தீர்வையாக அங்கு வசூலிக்கப்பட்டது. ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி என்பதால் இது 64இல் ஒரு பங்கு. ஒரு மிராசுதாரின் கணக்கில் சிறுதொகையே. ஆனால் காவிரிப் படுகையின் உயர்ந்த நிலமதிப்பு இச்சிறு விகிதத்தைப் பெருந்தொகையாக்கியது.

இந்நிதியைக் கொண்டு அமைக்கப்பட்ட மாயவரம்–முத்துப்பேட்டை இருப்புப்பாதை 1894இல் திறக்கப்பட்டது. திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாகச் சென்ற இப்பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கி வரை நீட்டிக்கப்பட்டது. பாதை போர்டின் உடைமை. வண்டிகளை இயக்கியது தென்னிந்திய இரயில்வே கம்பெனி. ஓர் உள்ளாட்சி அமைப்பு தன் வரிப்பணத்தால் இருப்புப்பாதையின் உடைமையாளராகியது அக்கால இந்தியாவில் முன்னோடி முயற்சி. பின்னர்க் கோயம்புத்தூர் ஜில்லா போர்டு போத்தனூர்–பொள்ளாச்சிப் பாதையையும், கிருஷ்ணா ஜில்லா போர்டு பெஜவாடா–மசூலிப்பட்டினம் பாதையையும் அமைத்தன.

இம்முயற்சியின் வெற்றிக்குக் காரணம், தீர்வைப்பணத்தை வேறெதற்கும் மாற்ற இயலாமை. பாதை திறக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே வசூல் தொடங்கியது. ஆண்டுதோறும் சாலை பழுதும் மருந்துச் செலவும் நெருக்கிய நிலையில், பொது நிதியோடு கலந்திருந்தால் இத்தொகை சேமிப்பாக எஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

எனினும் இதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். தீர்வை மாவட்டம் முழுவதும் வசூலிக்கப்பட்டது. பாதையோ மாவட்டத்தின் கிழக்கு, தெற்குப் பகுதிகள் வழியே சென்றது. பாபநாசத்துக் குடியானவருக்கும் திருத்துறைப்பூண்டிக் குடியானவருக்கும் தீர்வை ஒன்றே; பயன் ஒன்றன்று. மேலும், தொடக்க ஆண்டுகளில் தீர்வை செலுத்தியோருள் பலர் பாதை திறக்கப்படும்வரை வாழ்ந்திருக்க வாய்ப்பில்லை. தலைமுறைகளுக்கு இடையிலும் வட்டாரங்களுக்கு இடையிலும் நிகழும் இத்தகைய பரிமாற்றத்தை முடிவு செய்யும் போர்டில் வரி செலுத்துவோரின் நேரடிப் பிரதிநிதித்துவம் மிகக் குறுகியதாகவே இருந்தது. ஒதுக்கீட்டின் உறுதி, ஒதுக்கியவரின் தகுதியை மெய்ப்பிப்பதில்லை.

5. திருத்தம்: எவருடைய அதிகாரம்?

வரவு செலவுத் திட்டம் என்பது ஆண்டின் தொடக்கத்தில் எழுதப்படும் மதிப்பீடு. பருவமழை பொய்த்தாலும் மிகுந்தாலும், கொள்ளைநோய் பரவினாலும், பாலம் உடைந்தாலும் அம்மதிப்பீடு குலைந்துவிடும். எனவே ஓர் உள்ளாட்சியின் உண்மையான தன்னாட்சியை அது இயற்றும் திட்டத்தில் காண்பதைவிட, இடையாண்டில் அதைத் திருத்தும் உரிமையில் காண்பதே பொருத்தம்.

அக்கால நடைமுறையில் தாலுகா போர்டின் திட்டம் ஜில்லா போர்டின் ஆய்வுக்கும், ஜில்லா போர்டின் திட்டம் மாகாண அரசின் ஒப்புதலுக்கும் உட்பட்டிருந்தது. ஒரு தலைப்பில் எஞ்சியதை மற்றொரு தலைப்புக்கு மாற்றும் மறு ஒதுக்கீடும் ஒப்புதல் படிநிலையைச் சார்ந்தே நிகழ்ந்தது. ஜில்லா போர்டின் தலைவர் பதவி நீண்டகாலம் ஆட்சியரிடமே இருந்ததால், திட்டத்தை முன்மொழிபவரும் மேலிடத்திற்குப் பரிந்துரைப்பவரும் ஒருவராகவே அமைந்தனர். விவாதம் போர்டின் கூட்டத்தில் நிகழ்வதைக் காட்டிலும் கோப்பில் நிகழ்வதே இயல்பாயிற்று.

இதனைக் காலனிய ஆதிக்கத்தின் விளைவு என்று மட்டும் கூறிக் கடந்துவிட முடியாது. முறையான கணக்கு, ஆண்டுத் தணிக்கை, தலைப்பு மீறிய செலவுக்குத் தடை ஆகியவை பொதுப்பணத்தைக் காக்கும் ஏற்பாடுகளுமாகும். குறை, கட்டுப்பாடு இருந்ததில் இல்லை. அக்கட்டுப்பாடு வரி செலுத்துவோரை நோக்காமல் மேலிடத்தை மட்டுமே நோக்கியதில் உள்ளது. திருத்தத்திற்கான காரணத்தைப் போர்டு அரசுக்கு விளக்க வேண்டியிருந்தது. தன் மக்களுக்கு விளக்கும் கடமை அதற்கில்லை.

6. 1918 தீர்மானமும் 1920 சட்டங்களும்

1907 முதல் 1909 வரை செயற்பட்ட அதிகாரப் பரவலாக்க ஆணையம் இச்சிக்கலை வெளிப்படையாக எடுத்துக்கொண்டது. குறிப்பிட்ட குறைந்தபட்ச இருப்பைப் பேணும் கடப்பாட்டுடன், உள்ளாட்சி அமைப்புகள் தம் வரவு செலவுத் திட்டத்தின்மேல் முழு உரிமை பெற வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. இந்திய அரசின் 1918 மே 16ஆம் நாள் தீர்மானம் ஒருபடி மேலே சென்று, வருவாயின் பகுதிகளைக் குறிப்பிட்ட செலவினங்களுக்கெனக் கட்டிவைக்கும் முறை இயன்றவரை கைவிடப்பட வேண்டும் என்றது. தவறு செய்து கற்கும் வாய்ப்பின்றித் தன்னாட்சிப் பயிற்சி அமையாது என்ற எண்ணம் அதன் அடிப்படை.

ஆயின் இரண்டே ஆண்டுகளில் சென்னை மாகாணம் எதிர்த்திசையில் ஓர் அடி வைத்தது. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் (எண் 5), உள்ளாட்சி வாரியங்கள் சட்டம் (எண் 14), கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் (எண் 15) ஆகியவை தேர்தலையும் வரி அதிகாரத்தையும் விரிவுபடுத்தின. அதே ஆண்டில் இயற்றப்பட்ட தொடக்கக் கல்விச் சட்டம் (எண் 8), கல்விக்கென்றே தனிவரி விதிக்க வழிசெய்ததுடன், அவ்வரியின் அளவுக்கு ஈடாக அரசின் பங்களிப்பையும் இணைத்தது. பொது நிதியில் சாலையோடு போட்டியிட்டுத் தோற்றுவந்த பள்ளிக்கு, அரை நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் பெயர் குறித்த வரி கிட்டியது. கட்டிவைத்தல் கூடாது என்ற கொள்கையும், கட்டிவைக்காவிடில் கல்வி வளராது என்ற பட்டறிவும் ஒரே காலத்தில் மோதின.

இம்மோதல் முரண்பாடாகத் தோன்றினும், அதன் உட்பொருள் தெளிவானது. பொது நிதிக்கான போட்டியில் குரல் வலிமையுடையோரின் தேவை முந்திக்கொள்ளும். தன் பிள்ளைக்குத் தனியே ஆசிரியர் அமர்த்த இயலும் நிலவுடைமையாளருக்குச் சாலை முதன்மை. இயலாதோருக்குப் பள்ளி முதன்மை. பின்னவர் வாக்காளர் பட்டியலிலேயே இடம்பெறாத காலத்தில், சட்டத்தின் கட்டு ஒன்றே அவர்தம் பங்கைக் காத்தது.

7. பிற்காலத் தொடர்ச்சி

1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் நூலக வரி, சொத்துவரியின் மீது உள்ளாட்சிகளால் வசூலிக்கப்பட்டு நூலக ஆணைக்குழுவுக்குச் செல்வது இம்மரபின் நீட்சியே. பதினைந்தாம் நிதி ஆணையம் 2021–26 காலத்திற்கு ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டப்பட்டது. புதியதாகக் கருதப்படும் இவ்வேற்பாட்டின் தருக்கம் 1866ஆம் ஆண்டுச் சாலைத் தீர்வையின் தருக்கத்திலிருந்து வேறன்று. மாறியிருப்பது ஒன்று: 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்தையும் தணிக்கை அறிக்கையையும் கிராம சபையின் முன் வைக்கச் செய்துள்ளது. மேல்நோக்கி மட்டுமே இருந்த விளக்கக் கடமை, சட்டநிலையிலாவது, கீழ்நோக்கியும் திரும்பியுள்ளது.

8. முடிவுரை

1871 முதல் 1920 வரையிலான வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, சென்னை மாகாணத்தில் வரி விதிக்கும் அதிகாரம் முன்னதாகவும், ஒதுக்கும் அதிகாரம் பின்னதாகவும், திருத்தும் அதிகாரம் இறுதியிலும் உள்ளாட்சிகளை வந்தடைந்தன. இரண்டாவது, பெயர் குறித்த ஒதுக்கீடு மேலிடத்தின் ஐயத்திலிருந்து பிறந்ததாயினும், தஞ்சை இருப்புப்பாதையிலும் தொடக்கக் கல்வியிலும் நீண்டகால நோக்கையும் எளியோர் பங்கையும் காக்கும் கருவியாகவும் பயன்பட்டது. மூன்றாவது, தன்னாட்சியைக் கட்டுப்பாடின்மை என்று பொருள்கொள்வது பொருந்தாது. கட்டுப்பாடு எவர்முன் விளக்கப்படுகிறது என்பதே அதன் உரைகல்.

ஊராட்சித் தேர்தல் வரலாற்றுக்கு நிகராக ஊராட்சிக் கணக்கேடுகளின் வரலாறும் எழுதப்பட வேண்டும். ஜில்லா போர்டு நடவடிக்கைக் குறிப்புகளில் காணப்படும் மறு ஒதுக்கீட்டுத் தீர்மானங்களை ஆண்டுவாரியாகத் தொகுத்தால், எந்தத் தலைப்பிலிருந்து எந்தத் தலைப்புக்குப் பணம் நகர்ந்தது என்பதும், அதன் வழியாக எவருடைய தேவை விட்டுக்கொடுக்கப்பட்டது என்பதும் புலப்படும். மாவட்ட அளவிலான அத்தகைய ஆய்வுகள் தமிழில் பெருக வேண்டும்.