ஹாலோவீன் கைவினை

ஆண்டுதோறும் அக்டோபர் 31 இரவுக்காக, கையில் கிடைக்கும் மலிவான பொருள்களைக் கொண்டு வீட்டிலேயே செய்யப்படும் விளக்கு, முகமூடி, வேடம், தோரணம் ஆகியவை ஹாலோவீன் கைவினை எனப்படும். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேர்விட்டு அமெரிக்காவில் கிளைபரப்பிய வழக்கம் இது. கடைச்சரக்குக்கு மாற்றாகவே பலரும் இதைக் கருதுகிறார்கள். ஆனால், இன்று நாம் காணும் வடிவத்தில் பெரும்பகுதியைச் சொல்லிக்கொடுத்ததே காகிதம் விற்ற ஒரு நிறுவனம்தான்.

கெல்ட் இன மக்கள் அறுவடைக் காலம் முடிந்து குளிர்காலம் தொடங்கும் எல்லையாகச் சௌவின் திருநாளைக் கொண்டாடினர். நவம்பர் 1ஐ அனைத்துப் புனிதர்கள் பெருநாளாகத் திருச்சபை ஏற்றுக்கொண்டபின், அதற்கு முந்தைய இரவு ஹாலோவீன் ஆயிற்று. அன்று ஆவிகள் உலவும் என்ற நம்பிக்கையும், வேடமிட்டு வீடு வீடாகப் போகும் வழக்கமும் கூடவே வந்தன.

தொடக்ககாலக் கைவினைக்கு மூலப்பொருள் டர்னிப் கிழங்கு. மாட்டுத் தீவனமாக வயலில் குவிந்து கிடந்ததால் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. உழைப்பு மட்டும் நிறைய வேண்டும். மேல்பகுதியைச் சீவி மூடியாக வைத்துக்கொண்டு, கெட்டியான உட்பகுதியைக் கத்தியாலும் கரண்டியாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டியெடுக்க வேண்டும். பிறகு கண், மூக்கு, பல் வெட்டி, சிறு மெழுகுவத்தியை உள்ளே நிறுத்தி, கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். அயர்லாந்தின் டொனகல் பகுதியிலுள்ள ஃபின்டவுன் ஊரிலிருந்து அப்படியொரு டர்னிப் விளக்கை ஓர் ஆசிரியை 1943இல் நாட்டார் வழக்காற்று ஆணையத்துக்குக் கொடுத்தார். கிழங்கு உதிர்ந்துபோகும் நிலையில் இருந்ததால் அதைச் சுண்ணச் சாந்தில் அச்சு எடுத்து வைத்தனர். மேயோ பகுதியில் காஸல்பாருக்கு அருகிலுள்ள நாட்டுப்புற வாழ்வியல் அருங்காட்சியகத்தில் அதைக் காணலாம். குழிந்த கண்ணும் இளித்த பல்லுமாகச் சுருங்கிப்போன அந்த முகத்துக்கு முன்னால் இன்றைய பரங்கிக்காய் முகங்கள் குழந்தைத்தனமானவை. இங்கிலாந்தின் சாமர்செட்டிலுள்ள ஹின்டன் செயின்ட் ஜார்ஜ் கிராமத்தில், அக்டோபர் கடைசி வியாழக்கிழமை, தீவனக் கிழங்கில் விளக்கு செய்து ஊர்வலம் போகும் வழக்கம் தனியே உண்டு.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் அயர்லாந்து மக்கள் பெருந்திரளாக அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். அங்கே பரங்கி, மண்ணுக்குரிய பயிர். கிழங்கைவிடப் பெரிது, வெட்ட எளிது, உள்ளே ஏற்கெனவே பாதி வெற்றிடம். பரங்கியில் முகம் வெட்டி விளக்கேற்றுவது அங்கே புதிதும் அல்ல. கவிஞர் விட்டியர் 1850இல் வெளியான ஒரு கவிதையில் அதைத் தம் சிறுவயது நினைவாகக் குறிப்பிடுகிறார். ஆனால் அப்போது அது அறுவடைக்கால விளையாட்டு. ஹாலோவீனோடு அது பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

அடுத்த மாற்றம் காகிதத்தால் வந்தது. மாசச்சூசெட்ஸின் ஃப்ரேமிங்ஹாமில் இயங்கிய டெனிசன் நிறுவனம், நகைப்பெட்டி செய்யத் தொடங்கி, பின்னர் மெல்லிய சுருக்கத்தாளான கிரேப் தாள் விற்பனையில் பெயர்பெற்றது. ஹாலோவீன் அலங்காரத்துக்கும் விருந்துக்கும் வழிசொல்லும் ‘போகி புக்’ என்ற சிறுநூலை அது 1909இல் வெளியிட்டது. 1912 முதல் 1930களின் நடுப்பகுதிவரை அந்நூல் ஏறத்தாழ ஆண்டுதோறும் வந்தது. சூனியக்காரி, கறுப்புப் பூனை, ஆந்தை, வௌவால் அச்சிட்ட தாள்களை வாசலிலும் மேசையிலும் விளக்குமறைப்பிலும் எப்படிப் பொருத்துவது, தோழிகளைக் கூப்பிட்டு என்ன விளையாடுவது என்பதெல்லாம் அதில் இருந்தது. வேடத்துக்கு, உள்பாவாடை போன்ற மலிவுத்துணி உடையை அடித்தளமாக வைத்து, அதன்மேல் தாளைச் சுருக்கித் தைக்க வேண்டும். தாளின் விளிம்பை இரு கட்டைவிரல்களுக்கிடையே பிடித்துச் சிறிது சிறிதாக இழுத்தால் அலையலையாகச் சுருள் விழும். தையல் தெரியாதவர்களும் கொசுவம் வைத்த பாவாடை செய்துவிடலாம். இருந்த ஒரே குறை தீ. மெழுகுவத்தி எரியும் கூடத்தில் காகித உடை என்பது உண்மையிலேயே ஆபத்தான யோசனை. எளிதில் தீப்பற்றாத கிரேப் தாள் பின்னர்தான் வந்தது.

இந்தக் காலத்தில் ஹாலோவீன் குறும்புகள் எல்லைமீறி, வேலி உடைப்பு, சன்னல் உடைப்பு என்றாகியிருந்தன. இளைஞர்களைத் திசைதிருப்ப மின்னசோட்டாவின் அனோக்கா நகரம் 1920இல் ஊர்வலம் நடத்தத் தொடங்கியது. இன்னும் பல ஊர்களிலும் ஊர்வலமும் விருந்தும் பெருக, கைவினைக்கும் வேலை கூடியது.

1937இல் தொடங்கிய நியூயார்க்கின் பென் கூப்பர் போன்ற நிறுவனங்கள் ஆயத்த வேடங்களைப் பெட்டியில் போட்டு மலிவாக விற்றன. அதன்பின் வீட்டில் வேடம் செய்வது ஏழைமையின் அடையாளமாகவும் சிலருக்குத் தெரிந்தது. ஆனாலும் பழைய படுக்கை விரிப்பில் இரண்டு ஓட்டை போட்டால் பேய் என்ற கணக்கு மறையவில்லை. 1966இல் ஒளிபரப்பான சார்லி பிரவுன் தொலைக்காட்சிப் படத்தில், சார்லியின் விரிப்பில் மட்டும் எங்கு பார்த்தாலும் ஓட்டை. பார்த்தவர்கள் சிரித்ததற்கு, அதே கத்தரிக்கோல் விபத்து தங்கள் வீட்டிலும் நடந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். அதற்கு முன்பே, 1950இல் பிலடெல்பியா வட்டாரச் சிறுவர்கள் பால் அட்டைப்பெட்டிகளை அலங்கரித்து, மிட்டாய்க்குப் பதில் ஐ.நா. குழந்தைகள் நிதியமான யூனிசெஃபுக்காகச் சில்லறை திரட்டினர். அந்த முயற்சி பின்னர் நாடு முழுதும் பரவ, அச்சிட்ட பெட்டிகள் கைவேலையின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

1980களில் பரங்கி வெட்டச் சிறு ரம்பமும் வரைபடத் தாளும் சேர்ந்த பெட்டிகள் சந்தைக்கு வந்து, முக்கோணக் கண்களின் இடத்தில் நுணுக்கமான சித்திரங்கள் வெட்டப்பட்டன. 2020இல் ஒரு கட்டுமானப் பொருள் கடைத்தொடர் 12 அடி உயர பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை விற்பனைக்கு வைத்தபோது பெரிய அளவுக்கும் கிராக்கி இருப்பது தெரிந்தது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் முட்டை அட்டையில் வௌவால், கழிப்பறைத் தாள் உருளையில் மம்மி, காலிப் பால் கேனில் மார்க்கர் பேனாவால் வரைந்த பேய்முகம் என்று செலவில்லாக் கைவேலை பள்ளிகளிலும் நூலகங்களிலும் நண்பர்கள் கூடும் மேசைகளிலும் தொடர்கிறது. பேட்டரியில் எரியும் எல்இடி மெழுகுவத்திகள் மலிவானதால், தீக்குப் பயந்து ஒதுக்கிய தாளும் அட்டையும் பிளாஸ்டிக்கும் இப்போது தயக்கமில்லாமல் விளக்காகின்றன.