கடலூருக்கு ஒருத்தி, சென்னைக்கு ஒருத்தி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், சிப்காட் ஆலைகளை ஒட்டி இருக்கிறது செம்மங்குப்பம். அங்கே ஒரே தெருவில் இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ள மகன். 18 வயது முடிந்துவிட்டது. இன்னொரு வீட்டில் விபத்தில் தலையில் அடிபட்டு, ஜிப்மரில் உயிர் பிழைத்து, நினைவு மட்டும் திரும்பாத கணவர். இருவருக்காகவும் வேறொருவர் முடிவெடுத்தாக வேண்டும். முதல் வீட்டுத் தாயைச் சட்டம் கடலூருக்கு அனுப்புகிறது. இரண்டாம் வீட்டு மனைவியைச் சென்னைக்கு அனுப்புகிறது.

தாயின் வழி 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது. "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்று பெற்றோர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டதற்குக் கிடைத்த பதில் அது. ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருப்பார்கள். பெற்றோரோ உறவினரோ மனு கொடுத்தால், பாதுகாவலர் தேவையா, எந்தெந்தக் காரியங்களுக்குத் தேவை என்று குழு பார்த்து நியமிக்கும். வழக்கு இல்லை, வாய்தா இல்லை. அந்தக் கார்டியன் சர்டிபிகேட்டை ஏற்றுக் கணக்குத் தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது.

மனைவியின் நிலை வேறு. கணவரின் கணக்கில் பணம் இருக்கிறது, எடுக்க முடியாது. கையெழுத்துப் போட முடியாத நோயாளியிடம் கட்டைவிரல் ரேகை வாங்கலாம், அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகை. சாட்சி இருவர், அதில் ஒருவர் வங்கி அதிகாரி என்று விதி உண்டு. ஆனால் நினைவில்லாதவரின் விரலைப் பிடித்து மையில் ஒற்றி எடுத்தால் அது அவர் சம்மதம் ஆகாது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் சிறுவர்களுக்கு மட்டும். முன்பே பவர் எழுதி வைத்திருந்தாலும் பயனில்லை. எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிகிறது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு. மனநோயாளியின் சொத்துக்கு மாவட்ட நீதிமன்றம் மேலாளரை நியமிக்க 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை முடிவுகளுக்குப் பிரதிநிதியைத் தந்தது, சொத்தைப் பற்றிய ஏற்பாட்டைக் கைவிட்டது. எல்லாக் கதவும் அடைபட்ட பிறகு, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதுதான் மிச்சம்.

அப்படிப் போன ஒரு பெண்ணின் வழக்கு 2024-இல் நடந்தது. கோமாவில் இருந்த கணவரின் சொத்தை வைத்துச் சிகிச்சையையும் குடும்பத்தையும் பார்க்க அனுமதி கேட்டார். சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார் தனி நீதிபதி. மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், பி.பி. பாலாஜி அமர்வு அந்த மனைவியையே பாதுகாவலராக்கியது. 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பு நிதியாகப் போட்டு, வட்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றது. இந்த நிபந்தனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேச முடியாதவரின் பங்கை நீதிமன்றம் அவருக்காகவே ஒதுக்கி வைத்துவிட்டது. கேரள உயர் நீதிமன்றமும் 2019-இல் இத்தகைய மனுக்களுக்கு நெறிமுறை வகுத்தது: சொத்து விவரம் முழுவதும் தர வேண்டும், மருத்துவர் குழு பரிசோதிக்க வேண்டும், பாதுகாவலர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும்.

ஆக, எளிய வழி கடலூரில். கறாரான காவல் சென்னையில். கடலூர் வழியிலும் கணக்குக் கேட்க விதி உண்டு. நியமனமான ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல், ஆண்டுதோறும் வரவு செலவு. பெற்ற தாயிடம் கணக்குக் கேட்க யாருக்கும் மனம் வராது. அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வரும் அண்ணனிடமோ சித்தப்பாவிடமோ கட்டாயம் கேட்க வேண்டும். உலகறிந்த பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸே 2008 முதல் 2021 வரை, தன் சம்பாத்தியத்தைத் தானே தொட முடியாமல், தந்தையும் நீதிமன்றமும் நியமித்த பிறரும் நடத்திய பாதுகாவலில் இருந்தார். பாசம் இருக்கிறது என்பதற்காக மேற்பார்வையைத் தளர்த்தக் கூடாது.

சிங்கப்பூரில் நம் மக்களுக்கு மூன்றாவது வழியும் இருக்கிறது. நினைவு தெளிவாக இருக்கும்போதே, பின்னால் தனக்காக முடிவெடுக்க வேண்டியவர் யார் என்று எழுதிப் பதிவு செய்யலாம். 2010 முதல் நடைமுறையில் உள்ளது. இங்கே அதற்குச் சட்டம் வேண்டும். அதற்கு முன், கோமாவில் இருப்பவர்களையும் மறதி நோயால் முடிவெடுக்கும் திறன் இழந்த முதியவர்களையும் ஆட்சியர் குழுவின் வரம்பில் சேர்த்து, ஆறு மாத அறிக்கையையும் வைப்பு நிதி நிபந்தனையையும் அதற்குள் கொண்டுவரலாம்.

அதுவரை குடும்பங்கள் தாமாகச் செய்துகொள்ளக்கூடியது கொஞ்சம்தான். இருவர் பெயரில், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் வங்கிக் கணக்கு இருந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்காவது கை ஓடும். கணவர் பெயரில் மட்டும் பட்டா உள்ள காணி நிலத்துக்கு அந்த வழியும் கிடையாது.