இணைப்பில் குறை காணல்

எங்கள் கோவில்பதாகைக்கு அண்மையிலுள்ள ஆவடியில், 1961-ஆம் ஆண்டு கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. 1965-இல் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து ஆக்கிய உடல் அதனுடையது. வெல்டிங் என்னும் சொல் அதன்பின் எங்கள் வட்டாரத்துச் சிறுவர்க்கும் பழகிப்போயிற்று. ஆயினும், பற்றவைத்த இணைப்பின் நன்மை தீமையை எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு.

மின்சுடரால் இரும்பை இணைக்கும் முறையை ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த பெனார்டோஸ் 1881-இல் செய்து காட்டினார். நெடுங்காலம் கண்பார்வையே தக்க சோதனையாகக் கருதப்பட்டது. 1938-இல் பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் பற்றவைத்துக் கட்டிய பாலம் இடிந்தது. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில், அமைதியான நீரில் நின்ற ஸ்கெனெக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல் திடீரென முறிந்தது. பழி முதலில் பற்றவைத்தோர்மேல் விழுந்தது. இத்தகைய முறிவுகளை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் அம்மையாரோ, குளிரில் அந்த எஃகு நொறுங்குந் தன்மை அடைவதே தலையாய காரணம் என்று காட்டினார். தறையாணி அடித்த தகடுகளில் கீறல் பெரும்பாலும் ஒரு தகட்டோடு நின்றுவிடும். பற்றவைத்த உடலிலோ தடையின்றி ஓடும். குறையை மட்டும் பார்த்தல் போதாது; அது எங்கே, எப்பணியில் உள்ளது என்பதையும் நோக்கவேண்டும் என்பதே உலகம் பெற்ற பாடம்.

இப்பாடத்துக்குச் சிறந்த சான்று, நாம் சைலன்சர் என்று கூறும் புகைபோக்கி அமைப்பாகும். தகடு மெல்லியது, வெப்பமும் அதிர்வும் ஓயாதவை. எரிபொருள் எரிகையில் உண்டாகும் நீராவி உள்ளே குளிர்ந்து, அமிலங் கலந்த நீராகி, குழாயை உட்புறமிருந்து அரிக்கும். மேற்பரப்பில் ஒட்டிய தெறிப்பு மணி அழகைக் கெடுக்குமேயன்றிப் பெரும்பாலும் வலிமையைக் கெடுப்பதில்லை. இணைப்பின் ஓரத்தில் அரிக்கப்பட்ட பள்ளமோ அதிர்வினால் விரிசலாக வளரும். இரு தகடுகளும் உருகிச் சேராத இணைப்பு, வெளித்தோற்றத்தில் அழகாகவே இருக்கும். எனவே அதுவே மிகக் கொடியது.

1995-ஆம் ஆண்டு முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில், புதிய பெட்ரோல் கார்களுக்கு நச்சுப் புகையை மாற்றும் வினையூக்கிக் கலம் வேண்டுமென்று விதிக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறாம் நிலை வந்தது. ஊசிமுனைத் துளையின் மதிப்பும் இவற்றோடு மாறிற்று. ஆக்சிஜனை அளக்கும் உணர்கருவிக்கு முன்னே அத்துளை இருப்பின், புறக்காற்று உள்ளே புகுந்து கருவியை ஏமாற்றும்; எஞ்சின் வீணே எரிபொருளை மிகுதியாகப் பெறும். வண்டிக்குள் கசிவு புகுமாயின், மணமற்ற கார்பன் மோனாக்சைடு உயிருக்கே உலையாகும். ஆதலின் குழாயைக் காற்றடைத்து நீரில் அமிழ்த்திக் குமிழி பார்க்கின்றனர். மாதிரியை அறுத்து, உருகிச் சேர்ந்த ஆழத்தை அளக்கின்றனர். ஐ.எஸ்.ஓ. 5817 என்னும் உலகத்தர விதி, குறைகளுக்கு மூவகை எல்லைகளை வகுத்துள்ளது. குறையே இல்லாத இணைப்பை அது கேட்கவில்லை. பணிக்கேற்ற எல்லையைக் கேட்கிறது.

விடைத்தாள் திருத்திய ஆசிரியனாகிய எனக்கு இந்நெறி மிகவும் உடன்பாடானது. கையெழுத்துக் கோணலும் கணக்கின் தவறும் ஒரே தட்டில் நிறுக்கத்தக்கன அல்ல. சிறு பிழைக்கெல்லாம் பொருளை ஒதுக்குபவன் உழைப்பை வீணாக்குகிறான். இரக்கத்தால் விரிசலை ஏற்பவனோ, முகமறியாத ஒருவன் உயிரைப் பணயம் வைக்கிறான். அம்பத்தூர், ஆவடிப் பட்டறைகளில் பயிலும் இளைஞர்கள் இவ்விரண்டையும் விலக்கி, இடமறிந்து எடை போடக் கற்பார்களாக.