திராட்சைக் கொடியைக் காய வைக்கும் தத்துப்பூச்சி... கலிஃபோர்னியாவில் மஞ்சள் அட்டைகள் தொங்குவது ஏன்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் திராட்சைத் தோட்டம், நர்சரி, ஏன் சாதாரண வீட்டுத் தோட்டத்தில்கூட மஞ்சள் அட்டைகள் தொங்குவதைப் பார்க்கலாம். நம்மூர் பருத்தி, கத்தரி வயல்களில் வெள்ளை ஈயைப் பிடிக்கக் கட்டுவார்களே, அதே மாதிரி பசை தடவிய அட்டைதான். அங்கே தேடப்படுவது அரை அங்குல நீளமுள்ள ஒரு தத்துப்பூச்சி. பெயர் 'கிளாஸி விங்டு ஷார்ப்ஷூட்டர்'.

அப்படி என்ன செய்யும் இந்தப் பூச்சி?

கொடியைச் சாகடிப்பது பூச்சி இல்லை, அது சுமந்து வரும் 'சைலெல்லா ஃபாஸ்டிடியோசா' என்ற பாக்டீரியா. வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் குழாய்களில் இது பெருகி அடைத்துக்கொள்ளும். இலை ஓரம் கருகும், பழம் சுருங்கும். இலை உதிர்ந்த பிறகும் காம்பு மட்டும் தீக்குச்சி மாதிரி கொடியிலேயே நிற்கும். சில ஆண்டுகளில் கொடி செத்துவிடும். தோட்டத்தில் நோய் வந்த கொடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது.

இதன் பெயர் பியர்ஸ் நோய். இன்று டிஸ்னிலேண்ட் இருக்கும் அனாஹைம், 1880களில் திராட்சைக்குப் பேர்போன ஊர். இந்த நோயால் அங்கே தோட்டங்கள் அழிந்து, விவசாயிகள் ஆரஞ்சுக்கு மாறினார்கள். நோயை ஆராய்ந்த நியூட்டன் பியர்ஸின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

பழைய நோய்தானே, இப்போது ஏன் பயம்?

முன்பு இதைப் பரப்பியவை உள்ளூர்த் தத்துப்பூச்சிகள். அவை பெரும்பாலும் ஆற்றோரச் செடிகளில் இருக்கும், இளந்தளிரில்தான் சாறு குடிக்கும். குளிர்காலக் கவாத்தில் அந்தத் தளிரோடு நோயும் பல நேரம் வெட்டுப்பட்டுப் போய்விடும். ஆனால் 1990 வாக்கில் தென்கிழக்கு அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த இந்தப் பூச்சி வேறு ரகம். தூரம் பறக்கும், ஆரஞ்சுத் தோப்பில் கூட்டமாகக் குளிர்காலத்தைக் கழிக்கும், கொடியின் முற்றிய அடிப்பகுதியிலும் சாறு குடிக்கும். அங்கே புகுந்த பாக்டீரியாவைக் கவாத்து தொடாது. வளர்ந்த பூச்சிக்கு ஒருமுறை தொற்றினால் சாகும்வரை பரப்பிக்கொண்டே இருக்கும். 1990களின் இறுதியில் தெமெக்குலா பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கான ஏக்கர் கொடி காய்ந்தபோதுதான் மாநிலமே விழித்துக்கொண்டது.

கண்காணிப்பு எப்படி நடக்கிறது?

பூச்சி இல்லாத பகுதிகளில் அட்டைகளைக் கட்டிவிட்டு, வேளாண் ஊழியர்கள் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். ஒட்டியிருப்பது எந்தப் பூச்சி என்பதிலும் குழப்பம் வரும். கிட்டத்தட்ட இதே உருவத்தில் இன்னொரு தத்துப்பூச்சி உண்டு. தலையில் புள்ளிகள் இருந்தால் இது, நெளிநெளியான கோடுகள் இருந்தால் அது.

உண்மையைச் சொன்னால், இந்த அட்டை அவ்வளவு சக்தி வாய்ந்தது அல்ல. மஞ்சள் நிறம் இந்தப் பூச்சியைப் பெரிதாக இழுப்பதில்லை, குளிர் நாளில் அது அதிகம் பறப்பதும் இல்லை. அட்டை காலியாக இருந்தால் பூச்சியே இல்லை என்று நிம்மதியாகிவிட முடியாது. அதனால்தான் நர்சரிச் செடிகளுக்குக் கெடுபிடி அதிகம். பூச்சி முட்டையிடுவது இலையின் அடிப்பக்கத் தோலுக்குள். மேலே வெள்ளைப் பொடி பூசியது போலிருக்கும். தெற்கு கவுன்டிகளிலிருந்து லாரியில் ஏறும் அலங்காரச் செடி ஒன்றில் இப்படி ஓர் இலை தப்பினாலும் போதும். எனவே ஏற்றும் இடத்தில் ஒரு சோதனை, நாபா போன்ற இடங்களில் இறக்கும்போதும் ஒரு சோதனை.

இவ்வளவுக்குப் பிறகும் 2021-ல், நாபாவுக்குப் பக்கத்து கவுன்டியான சொலானோவில், வேக்கவில் நகரக் குடியிருப்புப் பகுதியில் இந்தப் பூச்சி சிக்கியது. வீட்டுத் தோட்டங்களில் மருந்து வைக்க வேண்டியதாயிற்று.

செலவு யாருடையது?

அரசு நிதியோடு விவசாயிகளும் பணம் போடுகிறார்கள். ஒயின் திராட்சையின் ஒவ்வொரு 1,000 டாலர் மதிப்புக்கும் அதிகபட்சம் 3 டாலர் என்ற கணக்கில் 2001 முதல் வசூல் நடக்கிறது. அந்தப் பணத்தில் ஆராய்ச்சியும் நடக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 2019-ல் நோயைத் தாங்கும் 5 ஒயின் ரகங்களை வெளியிட்டது. ஆனால் பழைய கொடியைப் பிடுங்கிப் புதிதாக நட்டால், முழு விளைச்சலுக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.