டாஷ்போர்டுக்குள் நின்றுபோன ஊர்

2019 ஏப்ரல் 6ஆம் தேதி இரவு நியூயார்க் மாநகராட்சியின் கம்பியில்லா வலைப்பின்னல் படுத்துவிட்டது. போக்குவரத்து விளக்குகளைத் தூரத்திலிருந்து இயக்கவும், போலீஸார் வண்டி எண்களைப் படிக்கவும் பயன்பட்ட வலைப்பின்னல் அது. யாரும் அதைத் தாக்கவில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் வாரங்களை எண்ணுவதற்கு ஒதுக்கப்பட்டது பத்து பிட். 0 முதல் 1023 வரை எண்ணலாம், அதற்கடுத்த வாரம் மறுபடியும் 0. 1980 ஜனவரி 6இல் எண்ணத் தொடங்கிய கணக்கு 1999 ஆகஸ்டில் ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பியது. 2019 ஏப்ரலில் இரண்டாவது முறை. அடுத்தது 2038 நவம்பர்.

முதல் முறை அடிவாங்கியவர்கள் ஜப்பானின் கார்க்காரர்கள். டாஷ்போர்டில் வழிகாட்டிப் பெட்டி வைத்த கார்கள் அன்று அங்கேதான் மிக அதிகம். பழைய பெட்டிகள் பல, தாம் இருக்கும் இடம் தெரியாமல் விழித்தன. கார் நின்ற இடத்திலேயேதான் இருந்தது. மாறியது தேதி மட்டும். தேதி தப்பானதும் இடமும் போய்விட்டது.

ஜிபிஎஸ் பற்றி நண்பர்களிடம் பேசும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்: அது இடம் காட்டும் கருவி இல்லை, மணி சொல்லும் கருவி. ஒவ்வொரு செயற்கைக்கோளும் "என்னிடம் இப்போது மணி இத்தனை" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாலு கோள்கள் சொல்வதைக் கேட்டு, எந்தக் குரல் எவ்வளவு தாமதமாக வந்தது என்று கழித்துப் பார்த்தால், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது கணக்கில் விழுந்துவிடும்.

இந்த வேலை சென்னைக்குப் புதிதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வுக் கூடம் கட்டியது. கப்பல்களுக்கு மதராஸின் தீர்க்கரேகை துல்லியமாக வேண்டியிருந்தது. மதராஸின் நேரத்துக்கும் கிரீனிச்சின் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் தீர்க்கரேகை தெரிந்துவிடும். ஆனால் கிரீனிச்சில் இப்போது மணி என்ன என்று இங்கே உட்கார்ந்து எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் வியாழனின் நிலாக்கள். அவை வியாழனின் நிழலுக்குள் போய் மறையும் கணத்தைப் பூமியின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் அது ஒரே கணம். ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் அந்த மறைவுகளைப் பார்த்துப் பார்த்து மதராஸின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார். துணைக்கோள்களை வைத்து இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். சேட்டிலைட் நேவிகேஷன் என்று சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அந்தக் கூடத்தின் கிரானைட் தூண், தமிழ்க் கல்வெட்டோடு, கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்துக்குள் இன்னும் நிற்கிறது.

பத்து வருடம் கழித்து, 1802 ஏப்ரலில், வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு அளந்தார். நூறடி எஃகுச் சங்கிலி, வெயிலில் அது நீளும் அளவைக் கழிக்க வெப்பமானிகள், சங்கிலியைத் தாங்க மரப்பெட்டிகள். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இமயம் வரை போனது இந்தியாவின் வரைபடம். வழியில் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்துக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து அவருடைய அரை டன் தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியது. ஊட்டிக் கதை, எவரெஸ்ட் கதையெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், விட்டுவிடுகிறேன். எனக்கு வேண்டிய செய்தி வேறு. கோள் எண்கள் எல்லாம் மதராஸ் வானாய்வுக் கூடத்தின் தீர்க்கரேகையில் கட்டப்பட்டிருந்தன. அந்தத் தீர்க்கரேகையில் சின்னப் பிழை இருந்தது பிற்பாடு தெரிந்தது. அதனால் பழைய சர்வே வரைபடங்களின் ஓரத்தில், தீர்க்கரேகையில் சில கலைகளைக் கழித்துக்கொள்ளவும் என்று ஒரு குறிப்பு அச்சிட்டார்கள். ஒரு கலை என்பது நம் அட்சரேகையில் ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். மொத்த இந்தியாவும் காகிதத்தில் சில கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. படத்தை மறுபடி வரையவில்லை, ஓரத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். நாங்கள் மென்பொருளில் தினமும் செய்வதும் இதேதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. இந்திய எல்லையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் சுமார் 80 கிலோமீட்டர் அகலத்துக்கு உள்ள பகுதியின் விரிவான வரைபடங்களைப் பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பொதுமக்களுக்குத் தர மறுத்தார்கள். மயிலாப்பூர் கடலிலிருந்து எத்தனை தூரம்? நடந்தே போகலாம். ஆக, நாட்டின் வரைபடம் பிறந்த ஊரே அந்தத் தடைப் பட்டைக்குள் முழுசாக விழுந்துவிட்டது. 2005இன் தேசிய வரைபடக் கொள்கை, ராணுவத்துக்கு ஒரு தொகுப்பு, மக்களுக்கு ஒரு தொகுப்பு என்று பிரித்தது. தனியார் அனுமதியில்லாமலே விரிவாக வரையலாம் என்ற நிலை 2021 பிப்ரவரியில்தான் வந்தது.

கார்ப் பெட்டியின் கதை இதற்கு இணையாக வேறு தேசங்களில் ஓடிக்கொண்டிருந்தது. 1981இல் ஹோண்டா தன் அக்கார்டு காரில் வைத்த பெட்டிக்குச் செயற்கைக்கோளே கிடையாது. உள்ளே ஒரு வாயு சுழல்மானி, வெளியே சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்ற கணக்கு, திரைக்கு முன்னால் நாமே சொருகும் கண்ணாடித்தாள் வரைபடம். 1985இல் அமெரிக்காவில் வந்த ஈடாக் என்ற கருவி, வரைபடத்தை கேசட் டேப்பில் வைத்திருந்தது. தொழிற்சாலையிலேயே ஜிபிஎஸ் பொருத்தி வந்த முதல் கார் 1990இல் மாஸ்தாவின் யூனோஸ் காஸ்மோ. ஆனால் 2000 மே வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துதான் அனுப்பியது. சுமார் நூறு மீட்டர் வரை தப்பும். மயிலாப்பூர்க் கணக்கில் சொன்னால், வடக்கு மாட வீதியில் நிற்பவனைத் தெப்பக்குளத்தின் நடுவில் காட்டும்.

அந்தப் பிழையை எடுத்த பிறகுதான் கார்ப் பெட்டிக்கு நல்ல காலம். இந்தியாவில் மேப்மைஇந்தியா போன்ற நிறுவனங்கள் ஆட்களைத் தெருத்தெருவாக அனுப்பி நகரங்களை வரைந்தன. 2000களின் பிற்பகுதியில் விலை உயர்ந்த கார்களில் டிவிடியிலோ எஸ்டி கார்டிலோ வரைபடம் வரத் தொடங்கியது.

எங்கள் வீட்டு வண்டி 2011 மாடல் செடான், டாப் எண்டு. கம்பெனி பெயர் வேண்டாம். அப்பா ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கியது. பின்னால் லெதர் சீட், முன்னால் நேவிகேஷன் திரை. மந்தைவெளியில் எங்கள் தெருவிலேயே வழி சொல்லும் முதல் கார் அதுதான் என்பதில் அப்பாவுக்கு ரொம்பப் பெருமை. ஆறு வருடத்தில் வரைபடத்துக்குப் புதுப்பிப்பு நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் "அந்த மாடலுக்கு சப்போர்ட் இல்ல சார்" என்ற ஒரே பதில். ஜிபிஎஸ் வேலை செய்தது. கடிகாரம் ஒரு நொடி தப்பவில்லை. நான் போட்ட கணக்குப்படி அதன் வாரக் கணக்கு திரும்புவதற்குக்கூட 2030 வரை நேரம் இருந்தது. ஊர் மட்டும் அந்த எஸ்டி கார்டில் 2010இல் நின்றுவிட்டது.

ஒரே இடத்தில் நின்று கொடுக்கிற ஊரா இது? மௌபரீஸ் சாலை டி.டி.கே. சாலை ஆனது. எட்வர்ட் எலியட்ஸ் சாலை ராதாகிருஷ்ணன் சாலை ஆனது. சேமியர்ஸ் சாலை பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலை ஆனது, ஆட்டோக்காரருக்கு இன்னும் சேமியர்ஸ்தான். தி.நகரே ஒரு ஏரிப் படுகை. மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் பிறந்த பேட்டை. நீதிக்கட்சிக்காரர்கள் பெயர்களை அதன் தெருக்களில் விதைத்தார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப்பெயர்களில் சாதியை நீக்கியபோது டாக்டர் நாயர் சாலை கொஞ்ச காலம் வெறும் "டாக்டர் ரோடு" ஆக நின்றது என்பது பழைய சென்னைவாசிகள் சொல்லிச் சிரிக்கும் கதை. பாண்டி பஜாருக்குப் பலகையில் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பாவின் பெட்டி சர்க்கார் பெயர்களை மட்டும் அறிந்தது. "பாண்டி பஜார்" என்று அடித்தால் அது புதுச்சேரிக்கு வழி போட்டுவிடும். நல்ல வேளை, பெட்ரோல் விலையைக் கேட்டு நாங்கள் போகவில்லை.

இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை வந்தபிறகு நிலைமை மோசமானது. லஸ், ஆர்.கே. மடம் சாலை, பனகல் பூங்கா, அடையாறு சந்திப்பு எல்லா இடத்திலும் நீலத் தகரத் தடுப்புகள். ஒருவழிகள் மாதத்துக்கு ஒரு திசை. பெட்டிக்குள் இருந்த பெண்குரல் அதே பணிவோடு தகரத்துக்குள் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பா திரும்பமாட்டார், ஆனால் அந்தக் குரலை அணைக்கவும் மாட்டார். "அது பாட்டுக்கு சொல்லட்டும்டா. எனக்கு வழி தெரியாதா?" என்பார். வழி தெரிந்த மனிதருக்கு வழிகாட்டி எதற்கு என்று நான் கேட்டதில்லை. போன வருடம் தொடுதிரை பாதி செத்தது. ரிவர்ஸ் கேமராவும் அதில்தான் வரவேண்டும் என்பதால் மாற்றியே ஆகவேண்டும் என்றானது.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடை. ஐம்பது வயது மதிக்கத்தக்க மெக்கானிக் டாஷ்போர்டின் ஓரத்தை பிளாஸ்டிக் பட்டையால் நெம்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இது ஸ்டீரியோ இல்ல. பாதி வண்டி." ஏசி அளவு தெரிவது, ஸ்டியரிங் பட்டன்கள், கேமரா, பார்க்கிங் சத்தம் எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் ஓடின. புதிய ஒன்பது இஞ்ச் ஆண்ட்ராய்டு திரைக்குத் தனியாக ஒரு பிரேம் வேண்டும், வண்டியின் பேச்சைத் திரைக்கு மொழிபெயர்க்க ஒரு கேன் பாக்ஸ் வேண்டும், ஒரிஜினல் கப்ளரை வெட்டாமல் சொருக மாற்று வயர் செட் வேண்டும். வெட்டாதீர்கள் என்று மட்டும் அப்பா மூன்று முறை சொன்னார்.

கப்ளர்களில் ஒன்றில் தனியாக ஒரு வயர். என்ன இது என்று கேட்டேன். "ஸ்பீடு வயர் சார். புது செட்டுக்கு வேணாம்" என்று டேப் சுற்றி ஒதுக்கினார். எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. 1981இன் அந்தப் பழைய தந்திரம் அந்த வயரில்தான் இருந்தது. மேம்பாலத்துக்கு அடியில் வானம் மறைந்தாலும், சக்கரத்தின் சுற்றையும் உள்ளே இருந்த சுழல்மானியையும் வைத்து, வண்டி எவ்வளவு நகர்ந்தது என்று பெட்டி தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். என் போனுக்குச் சக்கரம் தெரியாது. உஸ்மான் சாலையில் பாலத்தின் மேலே போகிறேனா கீழே போகிறேனா என்று அது இன்றும் தடுமாறுகிறது. அரசும் நிறுவனங்களும் பூட்டி வைத்த வரைபடங்களைப் பற்றி எனக்கு நிறையப் புகார் உண்டு. ஆனால் பூட்டிய அந்தப் பெட்டிக்குள் இருந்த பொறியியல் நல்ல பொறியியல்.

கழற்றுவதற்கு முந்தைய ஞாயிறு, பெட்டியில் சேமித்திருந்த இடங்களை வெளியே எடுக்கப் பார்த்தேன். யூஎஸ்பியில் ஏற்றுமதி கிடையாது. எஸ்டி கார்டிலும் அந்தப் பட்டியல் இல்லை, உள்நினைவகத்தில் இருந்தது. கடைசியில் நான் பாதி செத்த திரையை அழுத்தி அழுத்திப் படிக்க, அப்பா பின்னால் உட்கார்ந்து டைரியில் எழுதினார். மொத்தம் 41 இடங்கள். அம்மாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போன மருத்துவமனை மூன்று முறை இருந்தது: மெயின் கேட், பின் கேட், பார்க்கிங். "சித்தப்பா ஓல்டு" என்று ஒன்று, அடையாறில். அங்கே இப்போது நான்கு மாடி. "நிழல்" என்று ஒன்று.

"இது என்னப்பா?"

"காந்தி நகர்ல ஒரு தூங்குமூஞ்சி மரம். உங்கம்மா உள்ள இருக்கும்போது அங்க போய் வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருப்பேன். நாலு மணி நேரம் ஆகும்ல."

"எழுதிக்கோங்க."

"எழுதிட்டேன். நீ அடுத்தத படி."

அந்த 41ஐயும் புதிய திரையில் அவர் கணக்கில் நானே ஏற்றினேன். இப்போது அவை கடல் தாண்டி எங்கோ ஒரு சர்வரில் இருக்கின்றன. பழைய பெட்டியில் இருந்தபோது வண்டியைத் தவிர வேறு யாருக்கும் அவை தெரியாது. இந்த மாற்றம் லாபமா நஷ்டமா என்று கேட்டால், மெட்ரோ தடுப்பு மாறிய அன்றே தெரிந்துகொள்ளும் வரைபடம் எனக்கு வேண்டும், அதற்கு இந்த விலை அதிகம் என்றும் தோன்றுகிறது. அப்பா டைரியையும் கையுறைப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

எல்லாம் பொருத்தி முடித்ததும் பழைய ஜிபிஎஸ் ஆன்டெனா எங்கே என்று கேட்டேன். டாஷ்போர்டுக்கு அடியில், முன்கண்ணாடியை ஒட்டி இருக்கிறதாம். "அத எடுக்கணும்னா மொத்த டாஷ்போர்டையும் இறக்கணும் சார். கிடக்கட்டும், ஒண்ணும் பண்ணாது" என்றார். புதிய திரைக்குத் தனி ஆன்டெனா கொடுத்திருந்தார்கள், சதுரமாக, அடியில் காந்தத்தோடு. அதை ஏ-பில்லர் பக்கம் ஒட்டிவிட்டு, மீதி வயரைச் சுருட்டி டேப் போட்டு, அப்பாவிடம் சாவியைக் கொடுத்தார்.