குருதியா, அடைக்கலமா? பலூச் இன உருவாக்கம் குறித்து

பலூச் மக்களின் கதைப்பாடல்கள் அவர்களின் முன்னோரைச் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து அழைத்து வருகின்றன. நபிகளின் சிறிய தந்தையார் ஹம்சாவே குலமுதல்வர் என்கின்றன. மொழிச் சான்று இதற்கு இடம் தரவில்லை. பலூச்சி ஒரு வடமேற்கு ஈரானிய மொழி, குர்திக்கு உறவு. எனவே லாங்வொர்த் டேம்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் காஸ்பியன் கடலோரத்திலும் கெர்மானிலும் பூர்வீகத்தைத் தேடினர். தேவையான தேடல்தான். ஆனால் வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது தெரிந்தாலும், அவர்களோடு சேர்ந்தவர்கள் எப்படிப் பலூச் ஆனார்கள் என்பது தெரியாது. என் கருத்தில் இந்த இனத்தைக் கட்டியது குருதியைவிட அடைக்கலமும் தலைமைக்குக் கட்டுப்படுதலுமே.

இதற்கு முதற்சான்று அந்தக் கதைப்பாடல்களிலேயே உண்டு. ரிந்து, லாஷார் குலங்களின் முன்னோர் இருவரும் பலூச் தலைவர் ஜலால் கானின் மக்கள், உடன்பிறந்தோர். ஒட்டக மந்தைகளுக்கு உரிமையாளரான கோஹர் என்ற பெண் ரிந்துகளின் தலைவர் மீர் சாக்கரிடம் தஞ்சம் புகுகிறாள். லாஷாரிகள் அவளுடைய ஒட்டகக் குட்டிகளைக் கொல்கிறார்கள். அதனால் மூண்ட போர் முப்பது ஆண்டுகள் நடந்ததாக மரபு சொல்கிறது. அண்ணன் தம்பி வழியினர் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டது, 'பாஹோட்' எனப்படும் தஞ்சம் புகுந்த ஒருத்திக்காக. குலவரிசையை இவ்வளவு கவனமாக ஓதும் பாடல் மரபு, தன் மையக் கதையில் குருதி உறவைத் தஞ்சத்துக்குக் கீழே வைத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

மானிடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த் 1960களில் இதன் சமூக அடிப்படையை விளக்கினார். பஷ்தூன்களின் ஜிர்கா என்னும் குலமன்றத்தில் அமர்பவர்கள் சமமானவர்கள். நிலமும் வம்சமும் இல்லாத வெளியாளுக்கு அங்கே இடமில்லை. பலூச் அமைப்போ சர்தார் என்னும் குலத்தலைவரிலிருந்து கீழிறங்கும் படிவரிசை. வெளியாள் ஒருவர் சர்தாரின் ஆதரவாளராக அடிப்படியில் நுழையலாம். அவர் பேரப்பிள்ளைகள் பலூச்சாகவே வளர்வார்கள். எல்லையோரப் பஷ்தூன் குழுக்கள் பல இவ்வாறு பலூச் ஆயின.

பலூச்சிஸ்தானில் இருந்த கலாத் அரசு இன்னும் தெளிவான சான்று. அதை ஆண்ட அகமத்சாய் கான்கள், திராவிட மொழியான பிராகூயி பேசும் குலங்களின் வழியினர். முதலாம் நசீர் கான் (1749–1794) சராவான், ஜலாவான் என்ற இரு பிரிவுகளாகக் குலப்படைகளை ஒழுங்குபடுத்தினார். சராவான் பிரிவின் தலைமை ரைசானிகளுடையது. அவர்களுக்கோ பஷ்தூன் பூர்வீகம் சொல்லப்படுகிறது. திராவிட மொழி பேசும் குலங்களும் ஈரானிய மொழி பேசும் குலங்களும் ஒரே கொடியின்கீழ் நின்றன.

இந்த அமைப்பைச் சமத்துவம் என்று போற்றிவிடக் கூடாது. மக்ரான் கடற்கரையிலும் கராச்சியின் லியாரியிலும் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குப் பலூச்சி தாய்மொழி. ஆயினும் மண உறவிலும் மதிப்பிலும் அவர்களைத் தாழ்த்தியே வைத்தார்கள். உள்ளே வர விட்ட அதே படிவரிசைதான் பலரைக் கீழ்ப்படியிலேயே நிறுத்தியது.

1876இல் ஆங்கில அதிகாரி ராபர்ட் சாண்டமன் செய்த உடன்பாட்டுக்குப் பின் இந்த நெகிழ்ச்சி இறுகியது. சர்தார்களுக்கு ஆங்கில அரசு உதவித்தொகை தந்தது. குலத்தின் ஒப்புதலைவிட அரசின் அங்கீகாரம் தலைமைக்கு முக்கியமானது. கணக்கெடுப்புகள் பிராகூயியைத் தனிக் கட்டத்தில் எழுதின. 2023 பாகிஸ்தான் கணக்கெடுப்பில் பலூச்சிஸ்தான் மாகாணத்தில் பலூச்சி பேசுவோர் சுமார் 40 விழுக்காடு, பிராகூயி பேசுவோர் சுமார் 17 விழுக்காடு. இவை மொழிக் கணக்கு. இரண்டு இனங்களின் கணக்காக இவற்றைப் படிப்பது பிழை. பிராகூயி பேசுவோரில் மிகப் பலர் தம்மைப் பலூச் என்றே சொல்கிறார்கள்.

தமிழில் பிராகூயி பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி, அதைச் சிந்துவெளியின் எச்சமாகக் காண்பதோடு நின்றுவிடுகிறது. அம்மொழியில் பழைய ஈரானியக் கடன்சொற்கள் இல்லாததைக் காட்டி, அது பிற்காலத்தில் அங்கே வந்தது என்று வாதிட்ட மொழியியலாளர் ஜோசப் எல்ஃபன்பைன் போன்றோரின் கருத்து இங்கே போதிய அளவு விவாதிக்கப்படவில்லை. எந்தத் தரப்பு சரியாயினும், பிராகூயி மக்கள் சில நூற்றாண்டுகளாகப் பலூச் வரலாற்றை நடத்தியவர்கள். திராவிட மொழியியல் பயில்வோர் டெனிஸ் பிரேயின் பிராகூயி இலக்கணத்தோடு கலாத் அரசின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.